தோரணத்துக்குக் கீழே பறந்த நாரை

ஓசூர்
செவ்வாய்க்கிழமை, பள்ளிக்கூட வேன் வருவதற்கு முன்

வணக்கத்துக்கும் வாட்டசாட்டத்துக்கும் உரிய சித்தப்பா அசோக்குமார் அவர்களின் பாதங்களுக்கு, உங்கள் அண்ணன் மகன் ஹரீஷ்குமார் கை எட்டாத தூரத்தில் நின்று எழுதிக்கொள்வது. இங்கே அப்பா, அம்மா, நான், மொட்டை மாடியில் காயும் வடகம் உட்பட அனைவரும் சௌக்கியம். அங்கே புனேயில் நீங்களும் உங்கள் ரத்த அழுத்தமும் அடக்கமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். இல்லையென்றால் மாத்திரையைப் போட்டுக்கொண்டு அடுத்த பத்திக்கு வரவும்.

இதனால் உற்றார் உறவினர் அனைவருக்கும் அறிவிப்பது என்னவென்றால், கடந்த ஞாயிறு முற்பகலில், போச்சம்பள்ளிக்கு அருகே தண்ணீர் வற்றிய ஏரி ஒன்றில், தங்கள் கையால் செய்யப்பட்டு எங்கள் வீட்டில் விட்டுச்செல்லப்பட்ட நாரை என்னும் கிளைடரின் வாலில் மாவிலை ஒன்று ஒட்டிக்கொண்டது. இலை உடனடியாக அகற்றப்பட்டது. இலைக்குச் சேதம் ஏதுமில்லை.

இந்தச் சின்னச் செய்தியை ஏன் வாட்ஸ்அப்பில் அனுப்பவில்லை என்று கேட்பீர்கள். என் போன் அப்பாவின் பீரோவில் சிறைவாசம் செய்கிறது. தவிர, வாட்ஸ்அப்பில் நீலக் குறி விழுந்த மறு நொடியே உங்கள் குரல் வந்துவிடும். கூரியரில் அனுப்பினால் செய்தி போய்க் கோபம் திரும்பி வர ஒரு வாரமாகும், அதற்குள் ஆறிவிடும். இட்லி ஆறினால்தான் கெடுதல், கோபம் ஆறினால் நல்லது.

விஷயம் இதுதான். வருகிற ஞாயிற்றுக்கிழமை நம் கிளைடர் கிளப்பில் என் மேல் விசாரணை. இனிமேல் நான் ரிமோட்டைத் தொடலாமா, ஆயுசுக்கும் கூடாதா என்று எல்லோரையும் கை தூக்கச் சொல்லப்போகிறார்கள். பாதிப் பேர் என் பக்கம். மீதிப் பேர் என் பக்கம் திரும்பியே பார்ப்பதில்லை. கிளப்பை ஆரம்பித்தவர் நீங்கள். உடைந்ததும், மன்னிக்கவும், இலை ஒட்டியதும் உங்கள் நாரையில். ஆகவே கிளப்பின் பாதுகாப்பு அதிகாரி சுசித்ரா மேடத்துக்கு நீங்கள் ஒரு போன் போட்டு, பையன் செய்தது தவறு அல்ல, தியாகம் என்று ஒரே ஒரு வாக்கியம் சொன்னால் போதும். எனக்குக் கணக்கும் வரவில்லை, கிரிக்கெட்டும் வரவில்லை. வந்தது இது ஒன்றுதான் என்பது உங்களுக்கே தெரியும்.

நீங்கள் சொல்லிக்கொடுத்தது எதையும் மறக்கவில்லை என்பதற்கு அத்தாட்சியாக இங்கே ஒப்பிக்கிறேன். கிளைடருக்கு எஞ்சின் கிடையாது, பெட்ரோல் கிடையாது. ஓசூரில் ஓசியில் ஓடுவது அது ஒன்றுதான். மோட்டார் சுற்றும் கயிறு பட்டம் மாதிரி அதை மேலே இழுத்துவிடும். அதற்கப்புறம் கீழே நிற்பவன் கையில் ரிமோட், மேலே சூடான காற்று. காற்று தூக்குகிற இடத்தில் சுற்றிச் சுற்றி உயரம் சேர்க்க வேண்டும். சேர்த்த உயரத்தைச் செலவழித்தால்தான் வேகம். தூர தூரமாக நட்ட இரண்டு கம்பங்களைச் சுற்றிவிட்டுக் கடைசியில் முடிவுக்கோட்டைத் தாண்ட வேண்டும். அந்தத் தாண்டலில்தான் வில்லங்கம். ஜெயிக்கிற வெறியில் இருக்கிற உயரத்தையெல்லாம் தின்று தீர்த்துவிட்டு, கோட்டுக்கு வரும்போது உயரமும் இல்லாமல் வேகமும் இல்லாமல் ஜனங்கள் தலைமேல் வந்து விழுபவர்கள் உண்டு. அதனால் சட்டம் என்னவென்றால், கோட்டைப் பனைமர உயரத்துக்கு மேலேதான் தாண்ட வேண்டும். தாண்டுமுன் ‘ஃபினிஷ்’ என்று கத்த வேண்டும். தாண்டியதும் ஜனங்கள் இல்லாத பக்கமாகத் திரும்பி, சுண்ணாம்புப் பொடியில் போட்ட கட்டத்துக்குள் தனியாக இறங்க வேண்டும். உயரம் போதாது என்று தெரிந்துவிட்டால் கோட்டையே மறந்துவிட்டு முன்னாலேயே திரும்பி, காலி ஏரியில் எங்காவது இறக்கிவிட வேண்டும், தோற்றால் தோற்றுக்கொள்ளலாம். ஓட்டுகிறவன் பக்கத்தில் துணையாள் ஒருவன் நின்று உயரத்தையும் கீழே இருக்கும் ஆட்களையும் பார்த்துச் சொல்லிக்கொண்டே இருப்பான். என் துணையாள் என் வகுப்பு மணி. அவனைப் பின்னால் திட்டுகிறேன்.

பார்த்தீர்களா, ஒரு எழுத்துப் பிசகவில்லை. பிசகியது எங்கே என்றால் ஏரியில். இத்தனை வருடம் நாம் பறக்கவிட்ட ஓசூர் மைதானத்தில் கம்பெனி ஒன்று வேலி போட்டுவிட்டது. இடம் தேடி அலைந்தபோது, போச்சம்பள்ளிப் பக்கத்துக் கிராமம் ஒன்றில் எருதுவிடும் விழாக் கமிட்டித் தலைவராக இருக்கும் திம்மராயன் என்பவர், எங்கள் ஏரி காய்ந்துதானே கிடக்கிறது, வாருங்கள் என்றார். ஒரே ஒரு நிபந்தனை: முடிவுக்கோட்டை மட்டும் ஊர்க்காரர்கள்தான் அலங்கரிப்பார்கள். கிளப்பில் எல்லோரும் பெருந்தன்மையாகத் தலையாட்டினார்கள். ஞாயிறு காலையில் போய்ப் பார்த்தால், சித்தப்பா, அது முடிவுக்கோடு இல்லை, எருதுவிடும் விழாவின் ஓடுபாதை. இரண்டு பக்கமும் சவுக்குக் கம்பு, நடுவே சந்து, சந்தின் முடிவில் குறுக்காக மாவிலைத் தோரணம், தோரணத்துக்குப் பக்கத்தில் பந்தல், பந்தலுக்குள் மைக். கம்புகளை ஒட்டி ஊரே நின்றது. எருதின் கொம்பில் கட்டிய அலங்காரத் தட்டியைப் பறித்துப் பழகிய இளவட்டங்கள் சட்டையைக் கழற்றி இடுப்பில் கட்டிக்கொண்டு, கிளைடரின் எந்த இடத்தில் தட்டி கட்டியிருக்கும் என்று என்னிடமே விசாரித்தார்கள்.

சுசித்ரா மேடத்துக்கு முகம் சுண்ணாம்புக் கட்டம் மாதிரி வெளுத்துவிட்டது. அவர் பெங்களூர்க்காரர், அத்திப்பள்ளியில் ஒரு தொழிற்சாலையில் பாதுகாப்பு அதிகாரி. கீழே கிடக்கும் திருகாணியைப் பார்த்தாலே விசில் ஊதுகிறவர். நேராகத் திம்மராயனிடம் போனார்.

“சார், ஸ்வல்ப, கொஞ்சம் கேளுங்க. கிளைடர் இந்தச் சந்துக்குள்ள வராது. தோரணத்துக்கு ரொம்ப மேல, பனைமர உயரத்துல தாண்டிப் போயிடும்.”

“ஏம்மா, கோடுன்னு ஒன்னு போட்டா அதத் தாண்டணும். ஆகாசத்துல போறத எவன் பாக்கறது? எங்க எருதுங்க எல்லாம் மேகத்து மேலயா தாண்டிக்கினு போவுது?”

“எருதும் இதுவும் ஒண்ணா சார்?”

“ரெண்டுக்கும் பிரேக்கு கிடையாதுன்னு நீங்கதான சொன்னீங்கோ.”

“பிரேக் ரெண்டுக்கும் இல்ல. ஆனா எருதுக்குக் கண்ணு இருக்கு சார். இதுக்கு இல்ல. இதோட கண்ணு அங்க கரை மேல நிக்கற பையன்கிட்ட இருக்கு.”

திம்மராயன் கரை மேல் நின்ற என்னைப் பார்த்தார். நான் அப்போது மணியின் சட்டைக்குள் வேர்க்கடலைத் தோலைப் போட்டுக்கொண்டிருந்தேன். அவருக்கு என்ன தோன்றியதோ, சரிம்மா, தோரணம் சும்மா அழகுக்கு இருந்துட்டுப் போவட்டும் என்று இறங்கி வந்தார். அடுத்து ஜனங்களை நகர்த்த வேண்டும். கோட்டுக்கு இரண்டு பக்கமும் யாரும் நிற்கக் கூடாது என்று மைக்கில் சொல்லுங்கள் என்றார் மேடம். திம்மராயன் தொண்டையைச் செருமிக்கொண்டு அறிவித்தார்: “பொதுமக்கள் கவனத்துக்கு. கோட்டுக்கு ரெண்டு பக்கமும் யாரும் நிக்கக் கூடாதுன்னு மேடம் சொல்றாங்கோ. எல்லாரும் குந்திக்கோங்க.” ஊரே ஒரே நேரத்தில் குந்தியது. சட்டம் முழுமையாக நிறைவேறியதில் அவருக்குப் பெரிய திருப்தி.

இதற்கிடையே சிறப்பு விருந்தினர் வந்து இறங்கினார். ஏதோ ஒரு கம்பெனியின் மனிதவள மேலாளர். மனிதவளம் அவர் வயிற்றிலேயே தெரிந்தது. பந்தலுக்குள் நின்று பாதுகாப்பு உறுதிமொழி வாசித்தார். நாங்கள் வலது கையை நீட்டித் திருப்பிச் சொன்னோம். ‘என் பாதுகாப்பே என் குடும்பத்தின் பாதுகாப்பு’ என்ற இடத்தில் நீட்டிய கைகளில் ஒன்று பந்தல் கம்பத்தில் இடித்து, கம்பம் ஆடியது. யாருடைய கை என்று கண்டுபிடிப்பதற்குள் கைதட்டச் சொல்லிவிட்டார்கள். பந்தாவுக்குப் போட்ட பந்தல் அப்படித்தான் இருக்கும்.

போட்டி ஆரம்பித்தது. முதல் ஆட்டங்களை எல்லாம் சொல்லி உங்கள் பொன்னான நேரத்தைப் பித்தளையாக்க விரும்பவில்லை. கடைசி ஆட்டத்தில் நானும் பெங்களூர் ஸ்ரீராம் சாரும். அவர் கிளைடர் ஜெர்மனியில் செய்தது; அவர் கண்ணாடியும் அப்படித்தான். நம் நாரை ஓசூர் மொட்டை மாடியில் நீங்கள் பிசின் தடவிச் செய்தது. ஆனால் அவருக்குத் தெரியாத ஒரு ரகசியம் எனக்குத் தெரியும். ஏரிக்கரையை அடுத்து ஒரு கிரானைட் பாலிஷ் பட்டறை. அதன் தகரக் கூரை வெயிலில் தோசைக்கல் மாதிரி காய்ந்து கிடந்தது. நாரையை அதற்கு மேலே கொண்டுபோய்ச் சுற்றவிட்டேன், காற்று அள்ளிக்கொண்டு போய்விட்டது. ஸ்ரீராம் சார் ஏரிக்கு நடுவில் காற்றைத் தேடிக்கொண்டிருந்தார், சாவியைத் தொலைத்தவர் மாதிரி. மைக்கில் திம்மராயனுக்குக் கிளைடர் மறந்துபோய் எருது வந்துவிட்டது. “வருது பாரு, ஓசூர் செல்வம் மகன் வளத்த நாரை வருது. ஓரம் போ, ஓரம் போ. கொம்பத் தொட்டவனுக்கு ஒரு துண்டு.” நாரைக்குக் கொம்பு இல்லை என்று சுசித்ரா மேடம் ஓடிப்போய்ச் சொன்னது மைக்கிலேயே கேட்டது. “கொம்பு இல்லாத ஜாதி” என்று திம்மராயன் திருத்தி அறிவித்தார்.

இனி வருவதுதான் முக்கியம், நிதானமாகப் படிக்கவும். கடைசிச் சுற்றில் நான் முன்னணி. உயரம் கையில் தாராளம். பனைமரத்தின் மேல் இன்னொரு பனைமரத்தை நட்டால் எவ்வளவோ அவ்வளவு. சட்டப்படி மேலே தாண்டி, திரும்பி, கட்டத்தில் இறங்கி, வீட்டுக்கு வந்து சாப்பிட்டிருக்கலாம். ஆனால் என் மனதில் ஒரு பெரிய எண்ணம் உதித்தது. கிளப்புக்கு ஒரு சட்டம், இடம் கொடுத்த ஊருக்கு ஒரு சட்டம். இரண்டில் ஒன்றை அவமதிக்கலாமா? கிளப் சட்டத்தை மனதாலும் ஊர்ச் சட்டத்தை நாரையாலும் மதிப்பது என்று முடிவு செய்து, நானாகவே, மனப்பூர்வமாக, முழு சுயநினைவோடு நாரையைக் கீழே இறக்கித் தோரணத்துக்கு நேராகச் சந்துக்குள் விட்டேன். துணையாள் மணி என்னைத் தடுத்திருக்க வேண்டும். அவன் வாய் நிறைய வேர்க்கடலை. எச்சரிக்கை உள்ளேயே மென்று விழுங்கப்பட்டது. விசாரணையில் அவனையும் நிற்க வைக்கப்போகிறார்கள். அது அவன் தலையெழுத்து, கடலையெழுத்து.

அப்போதுதான் திம்மராயனின் மனைவி ராஜாத்தியம்மா மோர்ப் பானையோடு சந்துக்குள் இறங்கினார். இது அந்த ஊர் வழக்கம். ஒரு எருது போய் அடுத்த எருது வருவதற்குள் பெண்கள் குறுக்கே கடந்து எதிர்ப் பக்கத்தில் இருப்பவர்களுக்கு மோர் கொடுத்துவிடுவார்கள். யாரும் திரும்பிப் பார்ப்பதுகூட இல்லை; எருது வந்தால் நிலம் அதிரும், காலிலேயே தெரிந்துவிடும். கிளைடருக்கு ஏது குளம்பு? நாரை பூனை மாதிரி வந்தது. நிலம் சும்மா இருந்தது, அதனால் ராஜாத்தியம்மாவும் சும்மா நடந்தார். அந்த ஒரு கணத்தில் கழுகைத் தோற்கடிக்கும் என் கண் அவரைக் கண்டது. கை மின்னலாக வேலை செய்தது. நாரையின் மூக்கைத் தூக்கினேன். அவர் தலைக்கு மேல் ஒரு சாண் இடைவெளியில் இறக்கை போனது. கொண்டையில் வைத்திருந்த கனகாம்பரம்கூட அசையவில்லை. அவரைக் காப்பாற்றிய வேகத்தில் நாரை தோரணத்தில் மாட்டியது. தோரணம் கயிற்றை இழுத்தது, கயிறு சவுக்குக் கம்பை இழுத்தது, கம்பு பந்தலை இழுத்தது, பந்தல் சிறப்பு விருந்தினர் மேல் சாவகாசமாக உட்கார்ந்தது. விருந்துக்கு முன்பே விழுந்தினர். அவருக்கு அடி எதுவும் இல்லை. போர்த்திய பொன்னாடைக்கு மேல் பந்தல் துணியும் சேர்ந்ததால் மரியாதை இரட்டிப்பானது. பந்தலுக்கு அடியிலிருந்து அவர் முதலில் கேட்டது, போட்டோ எடுத்தார்களா என்பது. நாரைக்கு மட்டும் லேசாக அடி. இறக்கை இப்போதும் இரண்டுதான். முன்பு ஒட்டியிருந்த இரண்டு, இப்போது ஒட்டாத இரண்டு.

இந்தக் கலவரத்தில் ஸ்ரீராம் சாரின் கிளைடர் பனைமர உயரத்தில் கோட்டைத் தாண்டி, ஒழுங்காகத் திரும்பி, சுண்ணாம்புக் கட்டத்துக்கு நட்ட நடுவில் இறங்கியது. ஒருவரும் பார்க்கவில்லை. அவர் கத்திய ‘ஃபினிஷ்’ கரையோடு நின்றுவிட்டது. பாவம், தானே தனக்குக் கைதட்டிக்கொண்டார். கிளப் அவரை ஜெயித்தவர் என்றும் என்னைத் தகுதி நீக்கம் என்றும் அறிவித்தது. அதே நேரத்தில் மைக்கில் திம்மராயன், தோரணத்துக்குக் கீழே வந்தது நாரை ஒன்றுதான் என்பதால் நாரைக்கே முதல் பரிசு என்று அறிவித்து, என் கழுத்தில் துண்டைப் போட்டார். ஊர்க் கணக்கில் கோட்டைத் தாண்டியவன் நான். கோட்டை விட்டவர் ஸ்ரீராம் சார். இப்போது ஊர் முனையில் என் படம் போட்டு ஃபிளெக்ஸ் வைத்திருக்கிறார்கள், ‘கன்னிமுயற்சியிலேயே கன்னியரைக் காத்த காளையே’ என்று. ராஜாத்தியம்மாவுக்கு நாற்பதைத் தாண்டியிருக்கும். ஃபிளெக்ஸ்காரர்கள் எதுகைக்கு வயது பார்ப்பதில்லை.

வீட்டில் வரவேற்பு வேறு மாதிரி. அப்பா தன் கம்பெனி வழக்கப்படி வேர்க்காரணம் தேட உட்கார்ந்தார். அங்கே ஒரு பாகம் கெட்டால் ஏன், ஏன் என்று கேட்டுக்கொண்டே போவார்களாம், கடைசி ஏனில் காரணம் அகப்படுமாம்.

“ஏன்டா ஒடஞ்சது?”

“தோரணத்துல மாட்டுச்சுப்பா.”

“ஏன் மாட்டுச்சு?”

“தோரணம் அங்க இருந்துச்சு.”

“அங்கிட்டுத் தோரணம் இருக்குன்னு தெரிஞ்சும் நீ ஏன் அங்கிட்டுப் போன?”

“அங்கதானப்பா கோடு.”

“இவன் பொறந்ததுதான் வேர்க்காரணம்” என்று அப்பா முடித்துவிட்டார். அம்மா அடுப்படியிலிருந்தே, “அப்ப அதுக்கு யார் காரணம்னு ஒரு ஏன் சேத்துக் கேளுங்க” என்றார். அத்தோடு ஆய்வு நின்றது. போன் பீரோவுக்குப் போனது.

ஆனால் நேற்று மாலை எல்லாம் மாறிவிட்டது. ராஜாத்தியம்மா பஸ் பிடித்து, கூடை நிறைய மாம்பழத்தோடு எங்கள் வீட்டைத் தேடி வந்துவிட்டார். அம்மாவின் கையைப் பிடித்துக்கொண்டு, “புள்ளயா அது, அய்யனாரு கண்ணும்மா. நான் திரும்பிப் பாத்தனா, கரை மேல தம்பி என்னையேதான் பாத்துக்கினு நிக்குது. அது பாக்கலன்னா இந்நேரம் எனக்கு மால போட்டிருப்பாங்கோ” என்றார். அம்மா கண்ணைத் துடைத்தார். அப்பா நியூஸ் சேனலின் சத்தத்தைக் குறைத்தார். எங்கள் வீட்டில் அதைவிடப் பெரிய மரியாதை கிடையாது. ஞாயிற்றுக்கிழமை கிளப்புக்கே வந்து இதைச் சாட்சி சொல்வதாக ராஜாத்தியம்மா வாக்களித்திருக்கிறார். சாட்சி அவர், சிபாரிசு நீங்கள். இரண்டும் சேர்ந்தால் சுசித்ரா மேடமே எனக்கு விசில் அடிப்பார். ஆகவே தயவுசெய்து சனிக்கிழமைக்குள் போன் போடவும். தரையிறக்கத்தில் தவறு இருக்கலாம்; தாங்கள் இரக்கத்தில் தவறக் கூடாது.

மற்றபடி சித்திக்கு என் நமஸ்காரமும் புனேயின் மழைக்கு என் பொறாமையும். உங்கள் கம்பெனி பஸ் நேரத்துக்கு வரவும், கேன்டீன் சாம்பாரில் காய் அகப்படவும், முட்டிவலி எதிரிக்குப் போகவும், அந்த எதிரி நானாக இல்லாமல் இருக்கவும் ஓசூர் மலைக்கோயில் சந்திரசூடேஸ்வரரை வேண்டிக்கொள்ளும்,

தங்கள் கீழ்ப்படிந்த, மேலே பறந்த,
ஹரீஷ்குமார்

பின்குறிப்பு: வேன் போய்விட்டது. நான் போகவில்லை. மேலே எழுதியதை ஒரு தடவை படித்துப் பார்த்தேன். சித்தப்பா, சுசித்ரா மேடத்துக்குப் போன் போட வேண்டாம். எனக்கு உயரம் இல்லை. பனைமரம் மேல் பனைமரம் எல்லாம் முந்தின சுற்றில் இருந்தது. ஊர்ப் பையன்கள் எல்லோரும் போனில் ரீல்ஸ் எடுத்துக்கொண்டிருந்தார்கள். அவர்களுக்காக ஒரு குட்டிக்கரணம் போட்டேன், அது நன்றாக வந்ததால் இன்னொன்று. சேர்த்த உயரமெல்லாம் அதிலேயே தீர்ந்துவிட்டது. கடைசியில் கோட்டுக்கு மேலே போக நினைத்தாலும் முடியாது, கீழே போக மட்டும்தான் முடியும். நானாக இறக்கியது என்று எழுதியிருக்கிறேன் அல்லவா, அது தானாக இறங்கியது. மணி வாயில் கடலை இல்லை. “டேய், லோ, லோ, திரும்பிடு, ஏரிக்குள்ள எறக்கிடு” என்று கத்திக்கொண்டே இருந்தான். நான்தான் “சும்மா இருடா, போயிடும்” என்றேன். விசாரணையில் துணையாள் ஏன் சொல்லவில்லை என்று மேடம் அவனைக் கேட்கப்போகிறார். அவன் இதுவரை யாரிடமும் வாயைத் திறக்கவில்லை. அதுதான் தாங்க முடியவில்லை, திறந்திருந்தால் சண்டை போட்டிருக்கலாம்.

சந்துக்கு இரண்டு பக்கமும் குந்தியிருந்த ஜனங்களை நோக்கி நாரை போனபோது நான் கண்ணை மூடிக்கொண்டேன். ராஜாத்தியம்மா பார்த்தது கரை மேல் நின்ற என் முகத்தை. அவ்வளவு தூரத்தில் கண் திறந்திருக்கிறதா என்று யாருக்குத் தெரியும்? நான் அவரைப் பார்க்கவே இல்லை. மூக்கு எப்படித் தூக்கியது என்றும் தெரியாது. பயத்தில் கை இழுத்திருக்கலாம், காற்று தூக்கியிருக்கலாம். நான் கண்ணைத் திறந்தபோது பந்தல் இறங்கிக்கொண்டிருந்தது.

இதையும் சொல்லாமல் மறைத்துவிடலாம் என்றுதான் இருந்தேன். ஆனால் நேற்று ராஜாத்தியம்மா கிளம்பும்போது வாசலில் செருப்பைப் போட்டுக்கொண்டே ஒன்று சொன்னார், அதை மேலே நான் எழுதவில்லை. “அடுத்த தடவ எஞ் சின்னப் பொண்ணு சரிதாவையும் கூட்டியாந்து, கோட்டுக்கிட்டவே குந்த வெக்கறங். தம்பி உடறதா இருந்தா பயமே இல்ல.” அம்மா சந்தோஷமாகத் தலையாட்டினார். நான் மாம்பழத்தைக் கையில் வைத்துக்கொண்டு நின்றேன். சரிதா மூன்றாம் வகுப்பாம்.

கிளப்பில் ஞாயிற்றுக்கிழமை நானே சொல்லிவிடுகிறேன். அது பெரிய விஷயமில்லை, மேடம் விசில் ஊதுவார், கை தூக்குவார்கள், அவ்வளவுதான். நீங்களும் அங்கிருந்தே என் பக்கம் பார்க்காமல் கை தூக்கிவிடுங்கள். அதற்கு முன்னால் போச்சம்பள்ளி போய் ராஜாத்தியம்மாவிடம் சொல்ல வேண்டும். அதைத்தான் எப்படிச் சொல்வதென்று தெரியவில்லை. இன்று சாயங்காலம் பஸ்ஸில் போகிறேன், அம்மாவின் போனில் பேசி மணியையும் கூப்பிட்டிருக்கிறேன். வழியில் எங்கேயாவது அவன் “திரும்பிடுடா” என்று சொன்னால் இந்த முறை மறுபேச்சில்லாமல் திரும்பிவிடலாம் என்றிருக்கிறேன். கேட்டுப் பார்த்தேன். சொல்ல மாட்டானாம்.